கோர்க் நகரத்தாரும் சீன தேசமும்



இலக்கியத் தொடரில் பேச வருபவர்கள் பொதுவாக ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதன் எழுத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று இரண்டு நாடுகளைச் சேர்த்துப் பேச விரும்புகிறேன். ஒன்று ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மழையில் நனைந்து கிடக்கும் சின்னஞ்சிறு தீவாகிய அயர்லாந்து. மற்றையது சீனா. இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவென்றால் அது மிகப் பிந்தியது. 1979 ஆம் ஆண்டிலேதான் இரு நாடுகளும் இராஜதந்திர உறவு பூண்டன. ஆனால் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு அதற்கு நூறு வருஷங்களுக்கு மேல் முந்தியது.

சீனாவிலே வாழ்ந்த அயர்லாந்துக்காரர் என்றதும் வரலாறு படித்தவர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் சேர் ரொபேர்ட் ஹார்ட். வட அயர்லாந்திலே போர்ட்டடவுன் என்ற ஊரிலே 1835 இல் பிறந்தவர். பத்தொன்பது வயதிலே சீனா சென்றார். 1863 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சீனப் பேரரசின் சுங்கத் திணைக்களத்துக்குத் தலைவராக இருந்தார். இந்த நீண்ட காலத்தில் அவர் ஊர் திரும்பியது இரண்டே இரண்டு தடவைதான். பீக்கிங்கில் இருந்த தமது வீட்டுத் தோட்டத்திலே சீன இளைஞர்களைக் கொண்டு மேனாட்டு வாத்தியக் குழு ஒன்றை அமைத்து அந்த இசையைக் கேட்டு ஊர் நினைவைத் தணித்துக்கொண்டவர். அதே மனிதர், ஊரிலிருந்து மனைவி வருவதற்கு முன்பு ஆயாவூ என்ற சீனப் பெண்ணோடு வாழ்ந்து, அவளிடம் பிறந்த மூன்று பிள்ளைகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பி, பிறர் வளர்க்க விட்டுவிட்டார். அவருடைய நாட்குறிப்புகள் இன்று பெல்ஃபாஸ்ற் பல்கலைக்கழகத்திலே இருக்கின்றன. அது தனியே பேச வேண்டிய கதை. இன்று நான் அவரை விட்டுவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஒரு நகரத்தை. அயர்லாந்தின் தென்கோடியில் கோர்க் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. போத்தல் மூடுகிற தக்கைக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலிதான். ஆனால் ஊரின் பெயர் சதுப்பு நிலம் என்று பொருள்படும் பழைய ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. அயர்லாந்தரும் சீனரும் சந்தித்த கதையைப் படித்துக்கொண்டு போகும்போது, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து நிற்பதைக் கண்டேன். ஆள்பவராக ஒருவர், குருவாக ஒருவர், தியாகியாக ஒருவர், நாவலாசிரியையாக ஒருவர். ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்கள் ஒரே அந்நிய நாட்டுக்கு இத்தனை முகங்களோடு போய்ச் சேர்ந்தது எப்படி? அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

முதலில் ஆள்பவர். ஹொங்கொங் தீவு பிரித்தானியரின் கையில் இருந்த காலத்தில் அங்கே தேசாதிபதிகளாக வந்தவர்களில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் பலர். முதலாவது தேசாதிபதியாகிய பொட்டிஞ்சரே அயர்லாந்தவர்தான். 1877 இல் வந்த ஜோன் போப் ஹென்னசி கோர்க் நகரத்தவர், கத்தோலிக்கர். ஹொங்கொங் போனவர்கள் வான்சாய்ப் பகுதியிலே ஹென்னசி வீதியைக் கண்டிருப்பீர்கள்; அது இவர் பெயரால் அமைந்தது. அந்நாளிலே ஹொங்கொங்கில் சீனருக்கு ஒரு நீதி, வெள்ளையருக்கு ஒரு நீதி. சிறு களவுக்கும் சீனரைத் தெருவிலே வைத்துச் சவுக்கால் அடிப்பார்கள். ஹென்னசி அதைக் கட்டுப்படுத்தினார். நகரத்தின் நடுப்பகுதியிலே சீனர் காணி வாங்குவதற்கு இடம் கொடுத்தார். 1880 இல் சட்டசபைக்கு முதன் முதலாக ஒரு சீனரை நியமித்தார். வூ டிங்ஃபாங் என்று பிற்காலத்திலே சீன அரசியலில் புகழ் பெற்ற சட்டத்தரணியே அவர். இதையெல்லாம் கண்ட ஐரோப்பிய வர்த்தகர்களுக்குப் பொறுக்கவில்லை. 1878 இலேயே பொதுக் கூட்டம் கூட்டித் தேசாதிபதியைக் கண்டித்தார்கள்.

ஹென்னசி தம் ஊரிலே ஆளப்படுகின்ற இனத்தைச் சேர்ந்தவர். ஹொங்கொங்கிலே ஆளுகின்ற கூட்டத்தின் தலைவர். அவர் சண்டைக்காரர், முன்கோபி, நிருவாகத்தை ஒழுங்காகக் கவனிக்கத் தெரியாதவர் என்று அவருடைய பேரன் ஜேம்ஸ் போப் ஹென்னசி எழுதிய வரலாற்று நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். எனினும் சவுக்கடியைப் பார்த்து முகஞ்சுளித்த அந்த முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கோர்க்கிலே கத்தோலிக்கனாக வளர்ந்ததிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு தேசாதிபதி நமக்கும் வேண்டியவர். சேர் ஹென்றி பிளேக், லிமெரிக் நகரிலே பிறந்தவர். 1898 முதல் 1903 வரை ஹொங்கொங்கை ஆண்டுவிட்டு நேரே இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார். 1907 வரை இங்கிருந்தார். வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்று, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்திலேயே போகலாம் என்றானது 1905 இல், அவர் காலத்தில்தான். ஓய்வு பெற்றதும் அவர் குடியேறியது கோர்க் மாவட்டத்துக் கடற்கரைப் பட்டினமாகிய யோல் என்ற ஊரில். 1918 இல் அங்கேயே காலமானார். அவ்வீட்டுத் தோட்டத்திலேயே அவரையும் பின்னர் அவர் மனைவியையும் அடக்கம் செய்தார்கள்.

பிளேக் தம்பதிகள் செடி கொடிகளில் மிகுந்த பற்றுள்ளவர்கள். ஹொங்கொங்கிலே கடலோரமாக ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்டெடுத்த மந்தாரை மரமொன்று இருந்தது. இரண்டு இன மந்தாரைகளின் கலப்பிலே தானாகத் தோன்றியது அது. செவ்வூதா நிறத்தில் பெரிய பெரிய பூக்கள் பூக்கும். ஆனால் காய்க்காது, விதையும் இல்லை. தடி வெட்டி நட்டோ ஒட்டுக் கட்டியோதான் அதை வளர்க்க வேண்டும். 1908 இல் அந்த மரத்துக்குத் தாவரவியற் பெயரிட்டபோது பிளேக்கின் பெயரை வைத்தார்கள். 1997 இல் ஹொங்கொங் சீனாவின் கைக்குத் திரும்பியதும் அந்த மந்தாரைப் பூவே ஹொங்கொங் கொடியிலும் ஏறியது. ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்தார்கள். அந்தப் பூவின் சீனப் பெயரிலே அந்நியம், கடல்கடந்தது என்று பொருள்படும் ஓர் எழுத்து முன்னால் இருந்தது. அரச சின்னமாக ஏற்றபோது அந்த ஓர் எழுத்தைக் கழற்றிவிட்டார்கள். லத்தீன் பெயரிலே பிளேக் இன்னும் இருக்கிறார்.

ஷங்ஹாயில் இருந்த அயர்லாந்துக்காரரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே சுங்கத் திணைக்களத்திலும் வர்த்தகக் கம்பனிகளிலும் நகரசபைப் பொலிசிலும் அயர்லாந்து இளைஞர்கள் வேலை செய்தார்கள். மார்ச் 17 ஆம் திகதி புனித பத்திரிசியார் திருநாள் வந்துவிட்டால் விருந்தும் நடனமும் நடக்கும். யாழ்ப்பாணத்து நேயர்களுக்குப் புனித பத்திரிசியார் கல்லூரியின் பெயரால் இந்தப் புனிதர் நன்கு அறிமுகமானவர். அயர்லாந்துக்கு அவர்தான் பாதுகாவலர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஊரிலே ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடல் கடந்து வந்த இடத்தில் அந்த ஓரிரவாவது ஒரே மேசையில் இருந்தார்கள். சீனத் தெருவாசியின் கண்ணுக்கு இந்தப் பேதம் ஒன்றும் தெரியாது. அவனுக்கு எல்லாரும் வெள்ளைக்காரர், எல்லாரும் ஆங்கிலேயர்.

இனி, 1920 ஆம் ஆண்டுக்கு வருகிறேன். என்னுடைய பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

அந்த ஆண்டு கோர்க் நகரத்துக்குப் பொல்லாத ஆண்டு. மார்ச் மாதத்தில் நகரபிதா தோமாஸ் மக்கேர்ட்டன் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் டெரன்ஸ் மக்ஸ்வினி. இவர் அரசியல்வாதி மட்டுமல்லர், நாடகாசிரியர். 1908 இல் டானியல் கோர்க்கரி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து கோர்க் நாடக மன்றத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ஓகஸ்ற் மாதத்தில் பிரித்தானியப் படையினர் அவரைக் கைது செய்தார்கள். அன்று முதலே அவர் உண்ண மறுத்தார். லண்டனிலே பிரிக்ஸ்டன் சிறைச்சாலையில் அடைத்தார்கள். 74 நாள் உண்ணாதிருந்து ஒக்டோபர் 25 ஆம் திகதி உயிர் துறந்தார். டிசெம்பர் மாதத்தில் பிரித்தானியத் துணைப்படையினர் கோர்க் நகரத்தின் நடுப்பகுதியைத் தீ வைத்து எரித்தார்கள்.

மக்ஸ்வினி உண்ணாவிரதமிருந்த செய்தி தந்தி மூலம் உலகமெல்லாம் போயிற்று. அப்பொழுது யப்பானிலே ஃபுகுவோகா என்ற ஊரில் சீன இளைஞர் ஒருவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். குவோ மோருவோ என்பது அவர் பெயர். பிற்காலத்தில் மக்கள் சீனத்தின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்தவர். அன்று அவர் இருபத்தேழு வயதுக் கவிஞர். மருத்துவப் புத்தகத்தை விடப் பத்திரிகையை அதிகம் படித்தார் போலும். ஒக்டோபர் மாதத்திலே, செய்தி வரவர, மக்ஸ்வினியைப் பற்றிப் பகுதி பகுதியாக ஒரு கவிதை எழுதினார். வெற்றிச் சாவு என்பது அதன் தலைப்பு. 1921 இல் வெளியான அவருடைய முதல் தொகுதியில் அது இடம் பெற்றது. புதிய சீனக் கவிதையின் வாசற்படி என்று கருதப்படுகிற தொகுதி அது. அந்த வாசற்படியிலே ஒரு கோர்க் நகரபிதாவின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. குவோ மோருவோ அதுவரை அயர்லாந்தை மிதித்தவர் அல்லர். அவருக்கு முன்னால் இருந்தவை தந்திச் செய்திகளும், தன் சொந்த நாட்டை அந்நியர் கூறுபோட்டுக் கொண்டிருந்ததைப் பற்றிய வேதனையும்தான்.

பின்னர் 1926 இல் அவரே அயர்லாந்து நாடகாசிரியரான ஜோன் சிங்கின் நாடகங்களைச் சீன மொழியிலே பெயர்த்து வெளியிட்டார். நாவலாசிரியர் மாவோ டுன்னும் அயர்லாந்தின் புதிய இலக்கியத்தைப் பற்றி அக்காலத்திலேயே எழுதினார். ஒடுக்கப்பட்ட சிறு தேசங்களின் எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற வேகம் அன்றைய சீன இளைஞர்களிடம் இருந்தது. போலந்து, ஹங்கேரி, அயர்லாந்து என்று தேடினார்கள்.

அதே 1920 ஆம் ஆண்டில் கோர்க் மாவட்டத்து மகன் ஒருவர் தோழர்களோடு சீனாவில் வந்திறங்கினார். அவர்தான் எட்வேட் கல்வின் அடிகளார். நியூஸெஸ்ரவுன் என்ற கிராமத்தவர், 1882 இல் பிறந்தவர். 1912 இல் ஒருமுறை சீனாவுக்குப் போய் நாலு வருஷம் இருந்துவிட்டு, ஊர் திரும்பி, ஜோன் புளோவிக் என்ற இளம் பேராசிரியரோடு சேர்ந்து சீனாவுக்கென்றே ஒரு மறைபரப்புச் சபையை ஆரம்பித்தார். 1918 இல் அது புனித கொலம்பன் சபையாக உருப்பெற்றது. தூர கிழக்கு என்ற பெயரில் அவர்கள் நடத்திய சஞ்சிகை அயர்லாந்தின் கிராமத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று. சீனா என்றால் என்னவென்று அந்த மக்கள் அறிந்தது பெரும்பாலும் அதன் மூலம்தான். ஏழை விவசாயிகள் சதம் சதமாகச் சேர்த்து அனுப்பிய பணத்தில்தான் சபை வளர்ந்தது.

பாருங்கள், ஒரே ஆண்டு. பத்திரிகைத் தாள் வழியாக ஒரு கோர்க்காரர் சீன இளைஞனின் மனதுக்குள் போகிறார். கப்பல் வழியாக இன்னொருவர் யாங்சே நதிக்கரைக்குப் போகிறார். முன்னவர் பேரரசை எதிர்த்துச் செத்தவர். பின்னவருக்கோ அப்போது அயர்லாந்துக் கடவுச்சீட்டு என்று ஒன்றே கிடையாது. அது 1924 இல்தான் வந்தது. பிரித்தானியப் பிரஜையாகத்தான் அவர் சீனாவுக்குள் நுழைய முடியும். அந்நியப் பாதிரிமாருக்குச் சீன நீதிமன்றத்தின் அதிகாரம் செல்லாது என்ற சலுகை, யுத்தத்தில் தோற்ற சீனாவிடம் பீரங்கியைக் காட்டிப் பெற்ற உடன்படிக்கைகளால் வந்த சலுகை. கல்வின் அதை விரும்பினாரோ இல்லையோ, அந்தக் குடையின் கீழேதான் அவர் நின்றார். அவருடைய சொந்த நகரத்தை எரித்தவர்கள் பிடித்திருந்த குடையும் அதுதான்.

இதை வைத்து அவரை இலகுவாகக் கண்டித்துவிடலாம். நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். அவர் போய் இருந்தது ஹன்யாங். இன்று வூஹான் மாநகரத்தின் ஒரு பகுதி. அங்கே நாட்டுப்புறங்களிலே ஒருவரும் இருவருமாகச் சிதறி வாழ்ந்தார்கள் அந்தக் குருமார். சீனம் பேசப் பழகினார்கள். 1920களிலே கொலம்பன் கன்னியரும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கன்னியர் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் மொலோனி. பிரித்தானியத் தேசாதிபதி ஒருவரின் விதவை அவர், அரச மாளிகைகளில் வாழ்ந்துவிட்டுத் துறவு பூண்டவர். 1931 இல் யாங்சே நதி பெருக்கெடுத்துப் பெருநாசம் விளைவித்தபோது ஹன்யாங் நீரிலே மூழ்கியது. அகதிகளாக வந்தவர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்து, நோயிலே கிடந்தவர்களைப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போரிலே ஆயுதக் குழுக்களிடம் அகப்பட்டு உயிரிழந்த குருமாரும் உண்டு. ஹன்யாங்கிலே இருந்த தையற் பள்ளியிலே சீனச் சிறுமிகள் பட்டுநூலால் பூவேலை செய்த பூசை உடைகள் கடல் கடந்து மேனாட்டுக் கோவில்களுக்குப் போயின. சீனப் பெண்ணின் விரல் வேலையை அணிந்துகொண்டு குரு ஒருவர் எங்கோ ஒரு பீடத்திலே நின்றிருப்பார். யார் தைத்தது என்பது அவருக்குத் தெரிந்திராது.

கல்வின் 1927 இல் ஆயரானார். 1949 இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபின் அந்நியக் குருமார் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். 1952 செப்டம்பரிலே அவரையும் வெளியேற்றினார்கள். எழுபது வயதை நெருங்கிய மனிதர், மெலிந்து நலிந்துபோய் ஹொங்கொங் எல்லையைக் கடந்தார். 1956 இல் அயர்லாந்திலே காலமானார்.

இப்பொழுது வரலாற்றின் குறும்பைப் பாருங்கள். ஆயர் வெளியேறிய அடுத்த ஆண்டு, 1953 இலே, கோர்க்கிலே பிறந்த ஒரு பெண்மணியின் நாவல் சீன மொழியில் வெளிவந்தது. எதெல் வொய்னிச் என்பவர் எழுதிய கேட்ஃபிளை, அதாவது மாட்டு ஈ என்ற நாவல்தான் அது. 1897 இல் வெளியானது. இத்தாலியின் விடுதலைப் போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டது. ஒரு கர்தினாலும், அவருக்கு இரகசியமாகப் பிறந்து புரட்சிக்காரனாக மாறிய மகனும் எதிரெதிரே நிற்கும் கதை. குருத்துவத்தையும் திருச்சபையையும் இதைவிடக் கடுமையாகச் சாடிய நாவல்கள் அக்காலத்தில் குறைவு. கோர்க் ஆயரை வழியனுப்பிய சீனம் கோர்க்கிலே பிறந்தவளின் நாவலை வரவேற்றது! பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

சீன இளைஞர்கள் இந்த நாவலைத் தேடிப்போனதற்குக் காரணம் நமக்கும் தெரிந்த ஒரு புத்தகம். ஒஸ்திரோவ்ஸ்கியின் வீரம் விளைந்தது நாவலைத் தமிழிலே படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அதிலே கதாநாயகன் பாவெல் கொர்ச்சாகின் மனம் பறிகொடுக்கும் புத்தகம் இதுதான். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தின் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. உண்மையைச் சொன்னால் வொய்னிச் அம்மையார் கோர்க்கிலே இருந்தது கைக்குழந்தையாகச் சில மாதங்கள்தான். தந்தையார் ஜோர்ஜ் பூல் அந்நகரத்துக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியர். இன்றைய கணினிகளுக்கு அடிப்படையான தருக்கக் கணிதத்தை வகுத்தவர். 1864 டிசெம்பரில் அவர் இறந்ததும் தாயார் பிள்ளைகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். ஆகவே இவரைக் கோர்க் எழுத்தாளர் என்று சொல்லலாமா என்று யாராவது வழக்குத் தொடர்ந்தால் நான் வாதாட மாட்டேன். பிறந்த ஊர் என்பதற்கு மேல் என்னிடம் சாட்சியில்லை.

ஹொங்கொங்கிலே வேறொரு விதமான உறவு வளர்ந்துகொண்டிருந்தது. இங்கே கோர்க்கை விட்டுச் சற்று விலகுகிறேன். அயர்லாந்து யேசுசபைக் குருமார் 1926 இல் அங்கே வந்தார்கள். 1929 இல் பல்கலைக்கழக மாணவருக்கு ரிச்சி விடுதியைத் திறந்தார்கள். 1932 இல் சீனக் கத்தோலிக்கர் ஒருவர் ஆரம்பித்திருந்த வா யான் கல்லூரியைப் பொறுப்பேற்றார்கள். 1941 டிசெம்பர் 25 ஆம் திகதி ஹொங்கொங் யப்பானியரிடம் வீழ்ந்தது. பிரித்தானியரையெல்லாம் ஸ்ரான்லி முகாமிலே அடைத்தார்கள். அயர்லாந்து அந்தப் போரிலே நடுநிலை வகித்த நாடு. அதனால் இந்தக் குருமார் முகாமுக்கு வெளியே இருக்க விடப்பட்டார்கள். அவ்வளவு காலமும் வெள்ளைக்காரர் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தவர்கள் முதன்முறையாகத் தனித்து அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். அந்த அடையாளம் சோறு தரவில்லை. பட்டினியை நகரத்து மக்களோடு சேர்ந்துதான் அனுபவித்தார்கள். தோமஸ் றையன் என்ற குரு அந்த முற்றுகையின் கதையை 1944 இலேயே நூலாக எழுதினார்.

போருக்குப் பிறகு வா யான் கல்லூரியிலே ஒரு விந்தை நடந்தது. கன்ரனீஸ் ஒப்பரா என்பது தென்சீனத்து மக்களின் பாரம்பரிய அரங்கு. நமது கூத்தைப் போலவே ஆட்டமும் பாட்டும் வாத்தியமும் ஒன்றாக இணைந்தது. உடுப்பும் முகப்பூச்சும் பார்த்தால் கண் கூசும். படித்த கூட்டம் அதை நாட்டுப்புறத்தான் விவகாரம் என்று ஒதுக்கியது. ரெரன்ஸ் ஷெரிடன் என்ற அயர்லாந்துக் குருவுக்கு அதிலே மோகம் பிறந்தது. மெட்டும் தாளமும் அசைவும் எல்லாம் கன்ரனீஸ் மரபுப்படியே இருக்க, பாட்டின் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலே எழுதி, மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கேட்க வேடிக்கையாக இருக்கும். மெட்டுக்குச் சொல்லைப் பொருத்துவது எவ்வளவு வில்லங்கம் என்பது பாட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும். கன்ரனீஸிலோ குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லின் பொருளே மாறும், மெட்டே அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து பிறப்பது. அப்படிப்பட்ட மெட்டிலே ஆங்கிலத்தை உட்கார வைத்தார் அவர். சீனப் பையன்கள் தங்கள் சொந்த அரங்கைப் பெருமையோடு பார்ப்பதற்கு ஓர் அயர்லாந்துக்காரர் தேவைப்பட்டாரா என்று ஒருவர் முணுமுணுக்கலாம். அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின் அந்தக் கலையைக் கையிலெடுத்து வளர்த்தவர்கள் அவருடைய சீன மாணவர்களே.

அயர்லாந்துக்காரர் பின்னரும் சீனாவுக்கு வந்தார்கள். ஆனால் ஆளவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ அல்ல. ஆங்கிலம் படிப்பிக்க, கம்பனி வேலை பார்க்க. 2005 இல் கோர்க்கும் ஷங்ஹாயும் இரட்டை நகரங்களாகின. ஷங்ஹாய், பீஜிங், ஹொங்கொங் நகரங்களிலே கேலிக் உதைபந்தாட்டக் கழகங்கள் உருவாகின. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம் என்ற அவர்களுடைய கிராமத்து விளையாட்டு அது. 1996 இல் மணிலாவிலே ஆரம்பித்த ஆசியப் போட்டிகளுக்கு இவர்களும் போய் ஆடினார்கள். கோல் கம்பத்தடியிலே சீன இளைஞரும் யுவதிகளும் சேர்ந்துகொண்டார்கள். பீஜிங் அந்நியமொழிப் பல்கலைக்கழகத்திலே 2007 இல் ஐரிஷ் கற்கைகளுக்கான நிலையம் ஆரம்பமாயிற்று. அங்கே ஐரிஷ் மொழியே கற்பித்தார்கள். அயர்லாந்திலேயே பேசுவோர் அருகிவிட்ட மொழி அது.

கடைசியாக ஜேம்ஸ் ஜோய்ஸ். டப்ளின்காரர் என்றுதான் உலகம் அறியும். தந்தையார் கோர்க் நகரத்தவர். பாரிஸ் வீட்டிலே ஜோய்ஸ் கோர்க் நகரத்துப் படமொன்றைத் தக்கையாலே சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார் என்றும், வருகிறவர்களிடம் அதைக் காட்டிச் சிரிப்பார் என்றும் எழுத்தாளர் பிராங் ஓகொனர் சொல்லியிருக்கிறார். ஓகொனரும் கோர்க்காரர்தான்.

ஜோய்சின் யுலிசிஸ் நாவலைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தவர்களிலே ஒரு தம்பதியினரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கணவர் சியாவோ சியென், மனைவி வென் ஜியெருவோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே சியாவோ சியென் பத்திரிகையாளராகப் பிரித்தானியாவில் இருந்தார். அங்கேதான் யுலிசிஸ் நாவலைப் படித்தார். போர் முடிந்ததும் சூரிச் நகரிலே ஜோய்சின் கல்லறையையும் தேடிப்போய்ப் பார்த்தார். பின் நாடு திரும்பினார். 1957 இல் அவர் மீது வலதுசாரி என்ற முத்திரை விழுந்தது. எழுத்துப் பறிபோயிற்று. இருபது வருஷங்கள் வீணாயின. 1990 இல், எண்பது வயதிலே, மனைவி முதல் வரைவைச் செய்ய, இவர் மெருகிட, இருவருமாக அந்தப் பெருநாவலை மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். 1994 இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜின் டி என்ற பேராசிரியரின் மொழிபெயர்ப்பும் முதற்பாகமாக வந்தது. எழுபது வருஷங்களாக ஒருவரும் தொடாத நாவலுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள்! வாசகர்கள் இரண்டையும் வாங்கினார்கள்.

ஜோய்சின் கடைசி நாவலாகிய பினகன்ஸ் வேக்கை ஆங்கிலம் தெரிந்தவர்களே படித்து முடிப்பதில்லை. அதையும் ஷங்ஹாயிலே ஃபுடான் பல்கலைக்கழகத்து டாய் சொங்ரொங் என்ற பெண்மணி எட்டு வருஷம் உழைத்து மொழிபெயர்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பல பொருள் உண்டாகையால் பக்கமெங்கும் குறிப்புகளாக நிரம்பிய முதற்பாகம் 2012 இன் முடிவிலே வெளிவந்தது. ஷங்ஹாய்த் தெருக்களிலே அதற்கு விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அச்சிட்ட 8,000 பிரதிகளும் சில வாரங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்களில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்று டப்ளினில் இருப்பவர்கள் கேட்கக்கூடாது.

நேரம் முடிந்துவிட்டது.